கோழிச் சூலகத்தில் ஒரு ஃபாலிக்கிள் தெரிவாவது தூண்டுதலாலா, தடை நீங்குவதாலா?

பதிவு 1 – வெண்புள்ளி (இழையைத் தொடங்கியவர்)

முட்டையிடும் பெட்டைக்கோழியின் சூலகத்தை ஒருமுறை திறந்து பார்த்தவர் அந்தக் காட்சியை எளிதில் மறக்க மாட்டார். இடப்பக்கத்தில் மட்டுமே வளர்ச்சி பெற்றிருக்கும் அந்த ஒற்றைச் சூலகத்தில், 35 முதல் 40 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள ஒரு பெரிய மஞ்சள் உருண்டையும், அதைவிடச் சற்றுச் சிறிய இன்னொன்றும், அதனினும் சிறிய மற்றொன்றுமாக ஐந்தாறு ஃபாலிக்கிள்கள் (அண்டச்செல்லையும் அதைச் சூழ்ந்த செல் அடுக்குகளையும் கொண்ட பைகள்) படிவரிசையில் தொங்குகின்றன. நாளை வெளியேறப்போவதை எஃப்1 என்றும், அதற்கு மறுநாளுக்குரியதை எஃப்2 என்றும் எண்ணிட்டு அழைக்கிறோம். இவற்றுக்குக் கீழே 6 முதல் 8 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு மஞ்சள் ஃபாலிக்கிள்கள் பல காத்திருக்கின்றன. அவற்றுக்கும் கீழே வெண்ணிற ஃபாலிக்கிள்கள் திரளாக உள்ளன. ஏறத்தாழ நாளொன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தச் சிறு மஞ்சள் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு ஃபாலிக்கிள் மட்டும் படிவரிசைக்குள் ஏறுகிறது. இதைத்தான் தெரிவு என்கிறோம்.

இந்தத் தெரிவைப் பாடம் நடத்தும்போது நாம் வழக்கமாகச் சொல்வது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து வரும் எஃப்.எஸ்.எச். (ஃபாலிக்கிளைத் தூண்டும் ஹார்மோன்) ஒரு ஃபாலிக்கிளைத் தூண்டுகிறது, அது வளர்கிறது என்பதாகும். பல ஆண்டுகள் நானும் அப்படியே சொல்லி வந்தேன். இப்போது அந்த விளக்கம் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. ஒரே சூலகத்தில் அருகருகே தொங்கும் பத்துச் சிறு ஃபாலிக்கிள்களுக்கும் ஒரே இரத்தமே பாய்கிறது; அந்த இரத்தத்தில் உள்ள எஃப்.எஸ்.எச். அளவும் ஒன்றே, அவற்றில் அண்டச்செல்லைச் சூழ்ந்துள்ள கிரானுலோசா செல்கள் அனைத்திலும் அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் எஃப்.எஸ்.எச். ஏற்பியும் இருக்கிறது. அப்படியிருக்க, ஒன்று மட்டும் செவிசாய்க்கிறது, மற்றவை செவிசாய்ப்பதில்லை என்றால், வேறுபாட்டின் காரணத்தைப் பிட்யூட்டரியில் தேடிப் பயனில்லை. அது ஃபாலிக்கிளின் சுவருக்குள்ளேயே, அங்கே சுரந்து அண்டைச் செல்களை இயக்கும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகளிடையே இருக்க வேண்டும்.

என் கருத்து இதுதான்: சிறு ஃபாலிக்கிள் ஒரு தூண்டுதலுக்காகச் சும்மா காத்திருக்கவில்லை, உள்ளூர் வளர்ச்சிக் காரணிகளால் அது தொடர்ந்து கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. தெரிவு என்பது அந்தக் கட்டு அவிழும் நிகழ்வு. இதற்கு ஆதரவாகவும் எதிராகவும் உள்ள சான்றுகளை இங்கே முன்வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு 2 – தீவன ஆய்வாளர்

தங்கள் வாதம் அழகாக இருந்தாலும், அது இரண்டு வலுவான உண்மைகளைக் கடந்தாக வேண்டும்.

முதலாவது: கர்ப்பமான குதிரையின் சீரத்திலிருந்து பெறப்படும் கொனாடோட்ரோபின் என்னும் சூலகத்தைத் தூண்டும் ஹார்மோனைக் கோழிக்கு ஊசி வழியாகச் செலுத்தினால், பல ஃபாலிக்கிள்கள் ஒரே காலத்தில் விரைந்து வளர்ந்து படிவரிசையே குலைந்துவிடுகிறது. எஃப்.எஸ்.எச். கொடுக்கும்போதும் மஞ்சள் ஃபாலிக்கிள்களின் எண்ணிக்கை கூடுகிறது. வளராமல் சிதைந்துபோகும் ஃபாலிக்கிள்களின் எண்ணிக்கை குறைகிறது. தூண்டுதல் கூடினால் தெரிவும் கூடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இரண்டாவது: இறைச்சிக்கோழிகளின் தாய்க்கோழிகளுக்கு விருப்பம்போல் தீவனம் கொடுத்தால், ஒரே நாளில் இரண்டு ஃபாலிக்கிள்கள் படிவரிசைக்குள் நுழைகின்றன. இரட்டை மஞ்சள்கரு முட்டைகள், ஓடு சரியாக உருவாகாத முட்டைகள், சூற்குழாய்க்குள் செல்லாமல் வயிற்றுக்குழிக்குள்ளேயே விழுந்துவிடும் மஞ்சள்கருக்கள் என்று சிக்கல்கள் தொடர்கின்றன. இதனால்தான் அந்தக் கோழிகளுக்குத் தீவனத்தை அளந்து கொடுக்கிறார்கள். ஊட்டத்தின் செய்தியைச் சூலகத்துக்குக் கொண்டுசெல்வதில் இன்சுலினும் ஐ.ஜி.எஃப்-1 என்னும் இன்சுலின் ஒத்த வளர்ச்சிக் காரணியும் முன்னிற்கின்றன. ஐ.ஜி.எஃப்-1 கிரானுலோசா செல்களைப் பெருகச் செய்கிறது, எஃப்.எஸ்.எச்., பிட்யூட்டரியின் மற்றொரு ஹார்மோனான எல்.எச். ஆகியவற்றோடு சேரும்போது புரோஜெஸ்டிரோன் என்னும் சூலக ஹார்மோனின் உற்பத்தியையும் உயர்த்துகிறது. இங்கே நாம் காணும் வளர்ச்சிக் காரணி கட்டிவைப்பது அன்று, முன்தள்ளுவது.

பதிவு 3 – செல்வளர்ப்பு

இரு தரப்பையும் படித்தேன். நான் கிரானுலோசா செல்களைப் பிரித்தெடுத்து வளர்க்கும் பணியில் இருப்பதால், அந்தக் கிண்ணத்தில் காணக்கிடைக்கும் ஓர் எளிய நிகழ்விலிருந்து தொடங்குகிறேன். இந்த விவாதத்தின் முடிச்சு அங்கேதான் இருப்பதாக நினைக்கிறேன்.

படிவரிசையில் ஏறிவிட்ட, 9 முதல் 12 மில்லிமீட்டர் அளவை எட்டிய ஒரு ஃபாலிக்கிளின் கிரானுலோசா செல்கள் எஃப்.எஸ்.எச்.-க்கு உடனடியாக விடையளிக்கின்றன: செல்லுக்குள் ஹார்மோனின் செய்தியைக் கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. உயர்கிறது, புரோஜெஸ்டிரோனின் மூலப்பொருளான கொலஸ்டிராலை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுசேர்க்கும் ஸ்டார் புரதம் உருவாகிறது, கொலஸ்டிராலை வெட்டும் நொதியும் பெருகுகிறது, புரோஜெஸ்டிரோன் சுரக்கிறது. ஆனால் 6 முதல் 8 மில்லிமீட்டர் ஃபாலிக்கிளிலிருந்து அப்போதே எடுத்த செல்களுக்கு அதே எஃப்.எஸ்.எச்.-ஐக் கொடுத்தால், ஏற்பி இருந்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. ஏறத்தாழ அசைவதே இல்லை. கதவும் பூட்டும் சாவியும் இருக்கின்றன, கதவு திறக்கவில்லை.

இப்போது அதே செல்களைக் கிண்ணத்தில் ஓர் இரவு முழுவதும் விட்டுவைத்துப் பாருங்கள். ஃபாலிக்கிளின் சுவரிலிருந்தும், கிரானுலோசாவுக்கு வெளியேயுள்ள தீக்கா அடுக்கிலிருந்தும் அண்டச்செல்லிலிருந்தும் பிரிக்கப்பட்ட அந்தச் செல்கள், எஃப்.எஸ்.எச்.-உடன் அந்த நேரத்தைக் கழித்தபின், தெரிவான ஃபாலிக்கிளின் செல்களைப் போலவே முதிர்ச்சி அடையத் தொடங்குகின்றன. அவற்றுக்கு நாம் புதிதாக எந்தத் தூண்டுதலையும் சேர்க்கவில்லை. இருந்த சூழலிலிருந்து அப்புறப்படுத்தியது ஒன்றே நாம் செய்தது. இதை நான் முதன்முதலில் கண்டபோதே, சிறு ஃபாலிக்கிளுக்குள் ஏதோ ஒன்று இந்தச் செல்களை விடாமல் அடக்கிவைத்திருந்தது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன்.

அந்த ஏதோ ஒன்றின் முதன்மையான உறுப்பினர்கள் ஈ.ஜி.எஃப். (மேல்தோல் வளர்ச்சிக் காரணி) குடும்பத்தைச் சேர்ந்த காரணிகள்: டி.ஜி.எஃப்-ஆல்ஃபா, பீட்டாசெல்லுலின் முதலியவை. கிண்ணத்தில் முதிர்ந்துவரும் செல்களுக்கு டி.ஜி.எஃப்-ஆல்ஃபாவைச் சேர்த்தால், எஃப்.எஸ்.எச். கொண்டுவரவிருந்த ஸ்டார் புரதமும் புரோஜெஸ்டிரோனும் தடைபடுகின்றன. இந்தக் காரணிகள் ஈ.ஜி.எஃப். ஏற்பியில் அமர்ந்து, செல்லுக்குள் ஈ.ஆர்.கே. எனப்படும் கைனேஸ் நொதிகளின் செய்திப் பாதையை இயக்குகின்றன. அந்தப் பாதை ஓடிக்கொண்டிருக்கும்வரை செல் முதிராத நிலையிலேயே நிற்கிறது. அந்தப் பாதையை மட்டும் ஒரு வேதிப்பொருளால் அடைத்துவிட்டால், அதே எஃப்.எஸ்.எச். கூடுதலான விளைவைத் தருகிறது. வெண்புள்ளி அவர்கள் கட்டு என்று சொன்னதற்கு மூலக்கூறு அளவில் ஒரு பெயர் தேவைப்பட்டால், நான் இந்தப் பாதையைத்தான் சுட்டுவேன்.

பதிவு 4 – ஆய்வு மாணவி

ஐயா, எனக்கு ஓர் அடிப்படை ஐயம். வளர்ச்சிக் காரணி என்று பெயர் வைத்துவிட்டு, அது வளர்ச்சியைத் தடுக்கிறது என்று சொல்வது முரணாக உள்ளதே? அந்தக் காரணி செல்லை அடக்கிவைக்கிறது என்றால், அடக்கப்பட்ட ஃபாலிக்கிள்கள் அதனால்தான் சிதைந்து அழிகின்றனவா?

பதிவு 5 – வெண்புள்ளி

நல்ல கேள்வி. இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும்.

பெயர் வரலாற்றின் விளைவு. ஸ்டான்லி கோஹன் 1962-இல் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து ஈ.ஜி.எஃப்.-ஐப் பிரித்தபோது, அவர் கண்டது பிறந்த எலிக்குட்டிகளின் கண்ணிமைகள் முன்கூட்டியே திறப்பதையும் பற்கள் முன்கூட்டியே முளைப்பதையும். மேல்தோல் வளர்ச்சியோடு தொடர்புடையது என்பதால் அந்தப் பெயர் நிலைத்தது. 1986-இல் ரீத்தா லெவி-மொன்டால்சினியோடு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் ஒரு செல்லுக்கு இரண்டு வழிகள் உள்ளன: ஒன்று, பிரிந்து பெருகுவது, மற்றொன்று, பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டு ஒரு தொழிலைக் கற்று முதிர்வது. ஈ.ஜி.எஃப். குடும்பம் கிரானுலோசா செல்லை முதல் வழியில் வைத்திருக்கிறது, இரண்டாம் வழியை மறிக்கிறது. எனவே அது தடுப்பது முதிர்ச்சியை, பெருக்கத்தை அன்று. என் முதல் பதிவில் இந்த வேறுபாட்டை நான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இதைக் கண்ணெதிரே காட்டும் இடம் ஒன்று உண்டு. இந்த இழையில் நான் கட்டாயம் சொல்ல விரும்பியதும் அதுதான். மஞ்சள்கருவின் மேல் ஒரு சிறு வெண்ணிறப் புள்ளி இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அது கருத்தட்டு, அண்டச்செல்லின் உட்கரு அமைந்துள்ள பகுதி. படிவரிசையில் உள்ள ஒரு பெரிய ஃபாலிக்கிளின் கிரானுலோசா அடுக்கை முழுத் தாளாக உரித்தெடுத்து, கருத்தட்டுக்கு அருகிலுள்ள செல்களையும் தொலைவிலுள்ள செல்களையும் தனித்தனியே ஆராய்ந்தால், ஒரே ஃபாலிக்கிளுக்குள் இரு வேறு குணங்கள் தென்படுகின்றன. தட்டின் அருகிலுள்ளவை விறுவிறுப்பாகப் பிரிந்து பெருகுகின்றன, புரோஜெஸ்டிரோனைக் குறைவாகவே சுரக்கின்றன. தொலைவிலுள்ளவை பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டு புரோஜெஸ்டிரோனை மிகுதியாகச் சுரக்கின்றன. தட்டுப் பகுதியில் ஈ.ஜி.எஃப். உருவாகிறது. அதற்கு அருகே இருப்பவை இளமையில் நிற்கின்றன. அதன் வீச்சுக்கு அப்பால் இருப்பவை முதிர்கின்றன. பிட்யூட்டரியிலிருந்து வரும் ஹார்மோன் இரு பகுதிகளுக்கும் பொதுவானது என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்த கேள்விக்கு விடையும் இங்கேயே கிடைக்கிறது. கருத்தட்டை மட்டும் அழித்துவிட்டால், நன்கு வளர்ந்த ஃபாலிக்கிள்கூட அண்டத்தை வெளியேற்றாமல் சிதைவுக்குள் போகிறது; கிரானுலோசா செல்கள் தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. அதாவது, அடக்கிவைக்கும் காரணியே உயிரையும் காக்கிறது. சிறு ஃபாலிக்கிள்களின் கிரானுலோசா செல்கள் தன்னழிவுக்கு எளிதில் இரையாகக் கூடியவை. கிண்ணத்தில் வளர்க்கும்போது ஈ.ஜி.எஃப். குடும்பக் காரணிகள் அந்த அழிவைக் குறைக்கின்றன. எனவே சிதைவுக்குக் காரணம் அடக்குதல் அன்று. கட்டிவைத்திருக்கும் கையே தாங்கிப் பிடித்திருக்கும் கையாகவும் இருக்கிறது. அந்தக் கை விலகும் வேளையில் எஃப்.எஸ்.எச்.-இன் பிடிக்குள் செல்ல ஆயத்தமாக உள்ள ஃபாலிக்கிள் பிழைக்கிறது, ஆயத்தமாகாதது அழிகிறது என்பது என் புரிதல்.

பதிவு 6 – பறவை உடலியல்

ஈ.ஜி.எஃப். குடும்பத்தை மட்டும் வைத்துப் பேசினால் படம் பாதியாகவே நிற்கும். எதிர்ப்பக்கத்தில், பெயரில் ஒத்திருந்தாலும் டி.ஜி.எஃப்-ஆல்ஃபாவிலிருந்து வேறான டி.ஜி.எஃப்-பீட்டா பெருங்குடும்பம் இருக்கிறது; அதற்குள்ளேயும் ஒத்த கருத்து இல்லை.

அண்டச்செல்லிலிருந்து தொடங்குகிறேன். மிகச் சிறிய ஃபாலிக்கிள்களிலேயே அண்டச்செல் ஜி.டி.எஃப்-9 என்ற காரணியை வெளியிடுகிறது. அது சுற்றியுள்ள கிரானுலோசா செல்களைப் பெருகச் செய்கிறது. அதே அண்டச்செல் பி.எம்.பி-15 என்ற காரணியையும் வெளியிடுகிறது. அது கிரானுலோசா செல்களில் எஃப்.எஸ்.எச். ஏற்பியை உயர்த்துகிறது, ஏ.எம்.எச். என்னும் ஹார்மோனைத் தாழ்த்துகிறது. ஏ.எம்.எச்.-ஐப் பலர் ஆண் கருவில், பெண்ணில் சூற்குழாயாக வளரும் முல்லேரியன் நாளத்தை ஒடுக்கும் ஹார்மோனாகவே அறிந்திருப்பார்கள். பெட்டைக்கோழிக்கு வலப்பக்கச் சூற்குழாய் இல்லாமற்போவதற்கும் கருநிலையில் அது ஆற்றும் வேலையே காரணம். முதிர்ந்த கோழியில் அது சிறு ஃபாலிக்கிள்களின் கிரானுலோசா செல்களில் மிகுந்து, தெரிவுக்கு நெருங்கும்போது சட்டென்று குறைகிறது. எனவே தடைகளின் பட்டியலில் அதையும் சேர்க்கலாம். அதைத் தளர்த்தும் கைகளுள் ஒன்று அண்டச்செல்லினுடையது.

தீக்கா அடுக்கிலிருந்து ஆக்டிவின் வருகிறது. ஆக்டிவினும் டி.ஜி.எஃப்-பீட்டா1-உம் சிறு ஃபாலிக்கிளின் கிரானுலோசா செல்களில் எஃப்.எஸ்.எச். ஏற்பியை உருவாக்க வழிகாட்டும் செய்தி ஆர்.என்.ஏ.-வை உயர்த்துகின்றன, டி.ஜி.எஃப்-ஆல்ஃபா சேர்ந்தால் அந்த உயர்வு மறைகிறது. இரு குடும்பங்களும் ஒரே ஏற்பியின்மேல் எதிரெதிராக இழுக்கின்றன என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் சோதனையை நான் அறியேன். பெரிய ஃபாலிக்கிள்களின் கிரானுலோசா செல்கள் இன்ஹிபின்-ஏ என்ற ஹார்மோனைச் சுரந்து பிட்யூட்டரியின் எஃப்.எஸ்.எச்.-ஐக் குறைக்கின்றன, முன்னே சென்றவை பின்னே வருபவற்றுக்கான தூண்டுதலை அளவோடு வைத்திருக்கும் ஏற்பாடு இது. பாலூட்டிகளைப் படித்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு குறிப்பு: கோழியில் ஈஸ்ட்ரோஜனைச் சுரப்பது கிரானுலோசா அன்று, தீக்காவின் வெளியடுக்கு, அதுவும் பெரும்பாலும் சிறு ஃபாலிக்கிள்களில். கிரானுலோசாவின் தொழில் புரோஜெஸ்டிரோன். பாலூட்டியின் வரைபடத்தை அப்படியே கோழிக்குப் பொருத்துவதால் எழும் குழப்பங்களை நான் பல முறை திருத்தியிருக்கிறேன்.

ஆகவே வெண்புள்ளி அவர்களின் கூற்றை நான் ஒரு திருத்தத்தோடு ஏற்கிறேன். கட்டு தானாக அவிழ்வதில்லை. அதை அவிழ்க்கும் கைகளும் ஃபாலிக்கிளுக்குள்ளேயே இருக்கின்றன.

பதிவு 7 – தீவன ஆய்வாளர்

செல்வளர்ப்பு அவர்கள் சொன்ன ஓரிரவுச் சோதனை என் நிலையைப் பெருமளவு மாற்றியுள்ளது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குதிரைச் சீரக் கொனாடோட்ரோபின் பற்றிய என் சான்றையும் இப்போது வேறு விதமாகப் படிக்கலாம்: இயல்புக்கு மீறிய தூண்டுதல் தடையை மீறிச் செல்கிறது, சிதைந்துபோகவிருந்தவற்றையும் காப்பாற்றுகிறது. இயல்பான கோழியில் ஒன்று மட்டும் தெரிவாவதை அது விளக்கவில்லை. தடை ஒன்று இருப்பதையே மறைமுகமாகக் காட்டுகிறது.

எனினும் தெரிவுக்குப் பிந்தைய கட்டத்தைத் தடை நீக்கத்தால் மட்டும் விளக்க முடியாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். படிவரிசையில் ஏறிய ஃபாலிக்கிள் 7 முதல் 11 நாட்களுக்குள் முழு அளவை எட்டுகிறது. அதை நிரப்பும் மஞ்சள்கரு ஃபாலிக்கிளுக்குள் உருவாவதில்லை. ஈஸ்ட்ரோஜனின் ஆணையால் கல்லீரல் வைட்டலோஜெனின் என்னும் மஞ்சள்கருப் புரத முன்னோடியையும் வி.எல்.டி.எல். என்னும் கொழுப்புத் துகள்களையும் உருவாக்கி இரத்தத்தில் விடுகிறது. அவை தீக்காவின் நுண்குழாய்களிலிருந்து கசிந்து, அடித்தளச் சவ்வைக் கடந்து, கிரானுலோசா செல்களின் இடைவெளிகள் வழியே அண்டச்செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியை அடைய வேண்டும். அந்த ஏற்பியில் சிஸ்டீன் என்னும் ஓர் அமினோ அமிலம் மட்டும் செரினாக மாறிய கோழிகள் உண்டு. அவற்றின் இரத்தத்தில் கொழுப்பு மிகுந்து வழிகிறது, சூலகமோ வளராத சிறு ஃபாலிக்கிள்களோடு நிற்கிறது, முட்டை வருவதில்லை. எந்த வளர்ச்சிக் காரணியும் அந்தக் குறையை ஈடுசெய்வதில்லை.

இரத்தம் வந்துசேரும் வழியைப் பெருக்குவதில் வி.ஈ.ஜி.எஃப். என்னும் இரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணிக்கு இடம் உண்டு. கிரானுலோசா அடுக்குக்குள் இரத்தக்குழாய் இல்லை; குழாய்கள் முழுவதும் தீக்காவில்தான். ஆகவே இந்தக் கட்டத்தில் தள்ளுதல் என்ற சொல்லை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பதிவு 8 – செல்வளர்ப்பு

அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சிறு ஃபாலிக்கிள்களில் கிரானுலோசா செல்களின் இடைவெளிகளை ஒக்லுடின் போன்ற இணைப்புப் புரதங்கள் இறுக்கமாக மூடியிருக்கின்றன. வளர வளர அந்தப் புரதம் குறைகிறது, வழி திறக்கிறது. தாங்கள் சொல்லும் மஞ்சள்கருப் பாய்ச்சலும் ஒரு தடை தளர்வதோடு சேர்ந்தே நிகழ்கிறது.

பதிவு 9 – ஆய்வு மாணவி

கூட்டத்தில் எது தெரிவாகும் என்பதை முன்கூட்டியே காட்டும் அடையாளம் ஏதாவது உண்டா?

பதிவு 10 – வெண்புள்ளி

6 முதல் 8 மில்லிமீட்டர் கூட்டத்தை ஒவ்வொன்றாகப் பிரித்து, கிரானுலோசா செல்களின் எஃப்.எஸ்.எச். ஏற்பிச் செய்தி ஆர்.என்.ஏ.-வை அளந்தால், பெரும்பாலும் ஒன்றில் மட்டும் அது மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கிறது. அளவில் அது தன் கூட்டாளிகளிலிருந்து அதிகம் வேறுபடாது. வெளித்தோற்றத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது. எனவே மாதிரிகளை ஒன்றாகக் கலந்து அரைத்தால் அந்த ஒன்று சராசரிக்குள் மறைந்துவிடும். உங்கள் ஆய்வில் ஒவ்வொரு ஃபாலிக்கிளையும் தனியாகவே வையுங்கள். கோழி எந்த நேரத்தில் முட்டையிட்டது என்பதையும் தவறாமல் குறித்துவையுங்கள், ஏனெனில் அடுத்த அண்ட வெளியேற்றம் எப்போது என்பதை அதைக்கொண்டே கணிக்க வேண்டும்.

பறவை உடலியல் அவர்களின் திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன். அடுத்த வகுப்புக்கான வரைபடத்தை நேற்றிரவு மாற்றி வரைந்தேன். முன்பு பிட்யூட்டரியிலிருந்து ஃபாலிக்கிளுக்கு ஒரே ஓர் அம்புக்குறி இருந்தது. இப்போது அந்த அம்புக்குறி எல்லாச் சிறு ஃபாலிக்கிள்களுக்கும் சமமாகப் பிரிகிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஈ.ஜி.எஃப். குடும்பத்திலிருந்தும் ஏ.எம்.எச்.-இலிருந்தும் இரு தடைக்கோடுகள் உள்ளன. தீக்காவிலிருந்து ஆக்டிவினும் அண்டச்செல்லிலிருந்து பி.எம்.பி-15-உம் எதிர்த்திசையில் வருகின்றன. ஐ.ஜி.எஃப்-1-ஐ எந்தப் படியில் வரைவது என்பதில் மட்டும் தயங்கி இடம் விட்டிருக்கிறேன். தீவன ஆய்வாளர் அவர்கள் படத்தைப் பார்த்துச் சொன்னால், அதன்படியே வரைந்துகொள்வேன்.

பதிவு 11 – தீவன ஆய்வாளர்

இரண்டு இடத்திலும் வரையுங்கள். தெரிவுக்கு முன், பெருக்கத்தின் பக்கம் மெல்லிய கோடாக. தெரிவுக்குப் பின், எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஆகியவற்றோடு இணைந்த தடித்த கோடாக. தாய்க்கோழிகளின் தீவனக் கட்டுப்பாட்டைக் காட்ட, முதல் கோட்டின் தொடக்கத்தில், ஐ.ஜி.எஃப்-1-ஐச் சுரக்கும் கல்லீரலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.